கை நீண்டுருச்சு

ஒற்றைத் திருகாணியில் தொங்கிக்கொண்டு தாழ்ப்பாள் ஆடுகிறது, குளியலறைக் கதவின் உட்பக்கம், நின்றுவிடும் நின்றுவிடும் என்று பார்க்கிறேன், நிற்கவில்லை, குழாய்த் தண்ணீர் வாளி நிரம்பி வழிகிறது, அதற்கு அந்தப் பக்கம் சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு மாரிக்கனி, என் பெண்டாட்டி, இடது காதைப் பொத்திக்கொண்டு, அழவில்லை, அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், கத்தாதடி என்று இன்னொன்று போட்டிருப்பேன், அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்க்கிறாள், அவிழ்த்துவிட்ட நாயைப் பார்ப்பதுபோல. அதெல்லாம் முடிந்து மாதக்கணக்காகிறது என்கிறார்கள், எங்கே முடிந்தது, வியாழக்கிழமை சாயங்காலம் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் கண்ணுக்கு முன்னால் அது ஆட ஆரம்பித்துவிடுகிறது. மகளிர் ஸ்டேஷனில் எழுதி வாங்கி அனுப்பிவைத்த இடம் இது, ஒரு தொண்டு நிறுவனத்தின் மாடி, வட்டமாக நாற்காலி, பெண்டாட்டியை அடித்த ஆம்பளைகள் ஏழெட்டுப் பேர், எங்களோடு சகாயமேரி மேடம், குரலே உயராது, அதுதான் எரிச்சல். மாரிக்கனி அவனியாபுரத்தில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள், அவரு அங்க ஒழுங்கா போகட்டும், வீட்டுக்குத் திரும்புறதப் பத்தி அப்புறம் யோசிக்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள், யோசிக்கிறேன் என்றுதான், வர்றேன் என்று இல்லை, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த மாடிப்படி ஏறியது.

என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க என்றார் மேடம். என்னத்தச் சொல்ல, குழம்புல உப்புன்னு ஆரம்பிச்சது, சண்டை முத்திருச்சு மேடம், கோவத்துல கை நீண்டுருச்சு, அவ உள்ள போயி பூட்டிக்கிட்டா, தாழ்ப்பா பிஞ்சிருச்சு, கதவு பட்டுருச்சு, காது அடைச்சிருச்சு, அம்புட்டுத்தான். கை இருந்துச்சு, கதவு இருந்துச்சு, தாழ்ப்பா இருந்துச்சு, நீங்க சொன்னதுல உங்களத்தான் காணோம், நீங்க எங்க இருந்தீங்க என்றார் மேடம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கிறானுகளே, இவனுக மட்டும் என்ன யோக்கியனுகளா. நான் டவுன்பஸ் ஓட்டுகிறவன், எங்கள் பஸ் டிப்போவில் இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் எதையும் இடித்தது கிடையாது, வண்டிதான் இடிக்கும், பிரேக்தான் பிடிக்காது, சைக்கிள்காரன்தான் குறுக்கே வந்து விழுவான், அப்படித்தான் சொல்லுவோம், அப்படித்தான் எழுதிக் கொடுப்போம், ஆஸ்பத்திரியில் மாரிக்கனிகூட, காதில் என்னம்மா என்று டாக்டர் கேட்டதற்கு, பக்கத்தில் நான் நிற்கிறேன், கதவு பட்டுருச்சு டாக்டர் என்றாள், என் பாஷை அவளுக்கும் வந்துவிட்டது, அன்றைக்கு எனக்கு அது நிம்மதியாக இருந்தது, சீ. பிஞ்சிருச்சு இல்ல, பிச்சேன், உடைஞ்சிருச்சு இல்ல, உடைச்சேன், ஒரு தடவ அப்படிச் சொல்லிப் பாருங்க என்கிறார் மேடம், எனக்குத் தலைக்கு ஏறுகிறது, இந்தம்மா யாரு எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க, காது சூடாகிறது, எல்லோரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கிறார்கள், அது நாற்காலிப் பிடியை நெரித்துக்கொண்டிருக்கிறது, மேடமும் பார்க்கிறார், அதே பார்வை, குளியலறைப் பார்வை, ஆனால் குரல் மட்டும் உயரவில்லை, இப்ப உங்க கை என்ன பண்ணுது, நாற்காலியப் புடிச்சிருக்கு மேடம், யாரு புடிச்சிருக்கா. தெருவில் ஐஸ்காரன் மணி தேய்ந்துகொண்டே போனது. நான்தான் என்றேன். அதற்கே வியர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு தூக்கத்திலும் விடவில்லை, பஸ் போகிறது, ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது, சீட்டுக்குச் சீட்டு மாரிக்கனி, அத்தனை பேரும் இடது காதைப் பொத்திக்கொண்டு, நான் கடைசி சீட்டில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன், யாருப்பா ஓட்டுறது, பாத்து ஓட்டுப்பா என்று நானே கத்துகிறேன், டிரைவர் சீட்டில் என் காக்கிச் சட்டை மட்டும் இருக்கிறது, விழித்தால் வீட்டில் யாரும் இல்லை, குளியலறைக் கதவு சாத்தாமல் கிடக்கிறது. மேடம் ஒரு நாள் கூப்பிட்டு, மாரிக்கனி ஞாயிற்றுக்கிழமை பகல்ல ஒரு மணி நேரம் வீட்டுக்கு வர்றாங்களாம், அக்காவும் கூட வருவாங்க, குளியலறையில உள்பக்கம் நல்ல தாழ்ப்பாளா மாட்டச் சொன்னாங்க, அதப் பாத்துட்டுத்தான் மத்ததாம் என்றார். எனக்குப் பயமாக இருந்தது, மனுஷி நம்மிடமிருந்து ஒளிந்துகொள்ள நம்மையே தாழ்ப்பாள் போடச் சொல்கிறாளே என்று அழுகையும் வந்தது.

வந்தாள், இளைத்திருந்தாள், அக்கா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டாள், மாரிக்கனி என்னைத் தாண்டி நேரே குளியலறைக்குப் போனாள், நான் போட்டிருந்த இரும்புத் தாழ்ப்பாளை இழுத்தாள், தள்ளினாள், குலுக்கிப் பார்த்தாள், நான் அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்று, தணிந்த குரலில், பழசு பிஞ்சு போனதுல என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன், இல்ல கனி, அது பிய்யல, நான்தான் எட்டி ஒதைச்சு உடைச்சேன், உன்னைய நான் அடிச்சேன், உங் காத நான்தான் கெடுத்தேன். சொல்லிவிட்டேன். அவள் திரும்பவில்லை, தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒரு ம் கூட இல்லை, எத்தனை வியாழக்கிழமை, எத்தனை பேர் முன்னால் குனிந்து கற்றுக்கொண்ட வார்த்தை, கல்லு மாதிரி நிக்கிறாளே, திமிரப் பாரு என்று பழைய சூடு குபீரென்று ஏறுகிறது, காதில் அதே இரைச்சல், விரல்கள் மடங்குகின்றன, மடக்குகிறேன், அப்போதுதான் என் வாய் அசைந்ததைப் பக்கவாட்டில் கண்டவள்போலத் திரும்பி, எதுவும் சொன்னீங்களா, இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க, அந்தக் காது கேக்காதுல்ல என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

ஐயோ. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன், மறுபடி சொன்னேன், முதல் தடவை சொன்னது எனக்காக, இது அவளுக்கு, பாதியில் விடாமல் முடித்தேன். முழுவதும் கேட்டாள். சரி என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் விழுந்தது, உள்ளேயிருந்து குரல் மட்டும், எனக்கு எப்பத் தோணுதோ அப்பத் திறப்பேன், தட்டக்கூடாது. சரி கனி என்றேன், எந்தக் காதுக்குக் கேட்டதோ என்னவோ. குழாய்த் தண்ணீர் வாளியில் விழுகிறது, நிரம்பி வழிகிறது, வாசலிலிருந்து அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பார்க்கட்டும், என்னோடு இருப்பாளா, இப்படியே அக்காவோடு போய்விடுவாளா, தெரியாது, அது கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நான் இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், தாழ்ப்பாள் இங்கிருந்து தெரியவில்லை, ஆடுகிற சத்தம் இல்லை, கை துடிக்கத்தான் செய்கிறது, ஆனால் நீளவில்லை, இல்லை, நான் நீட்டவில்லை.