குங்கிலியம் பூசின பை

பச்சைமுத்து மாட்டு முதுகுல போட்டுக்கினு வந்த பையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கல. பையா அது? நாரு பிரிஞ்ச ரெண்டு கோணி, நடுவுல கயிறு, இப்பிடி ஒண்ணு அப்பிடி ஒண்ணு தொங்குது. "இன்னாப்பா, மாட்டுக்குக் கந்தல் கட்டி இட்டாந்திருக்கே?"ன்னேன். அவன் பல்லைக் காட்டினான். ஏர் ஓட்டறவனுக்கு வேற இன்னா தெரியும்?

நான் செல்வம்மாள், கருவாடு விக்கிறவ. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல மணல்மேட்டுல எங்க குப்பம். ஏரிக்கு அந்தாண்ட ஒல்லாந்துக்காரன் கோட்டை, அதையும் தாண்டிப் போனா பொன்னேரி சந்தை. எப்பவும் தோணியிலதான் சரக்கு போவும். அந்த வாரம் கப்பல் வந்து நின்னுச்சு. கப்பல் வந்துட்டா எங்க தோணி ஒண்ணு விடாம கோட்டைக்காரன் துணிமூட்டை ஏத்தப் போயிடும். அதான் அனுப்பம்பட்டுல இருந்து பொதிமாட்டைக் கூப்பிட்டு அனுப்பினேன். கடல் உள்வாங்கி ஏரித் தண்ணி வத்துற நேரத்துல மாடு நடந்தே கடந்துடும்.

"அக்கா, சுருக்கா ஏத்து. ஏர் மாடு ஜோடியில இது ஒண்ணு. மழை வந்துடுச்சு, நாளைக்கு உழுதாகணும். சாயங்காலத்துக்குள்ள மாட்டோட வரலன்னா ஊட்டுல பொன்னி என்னை உரிச்சுடுவா"ன்னான்.

"ஏத்தறேன். உன் சல்லடையில இல்ல"ன்னு என் பையை எடுத்தாந்து போட்டேன்.

தோல் பை, ஜோடி. கோட்டைச் சிப்பாய் ஒருத்தன் ஒரு கூடை நண்டுக்குக் குடுத்தது. ஒவ்வொண்ணும் சினை மாட்டு வயிறு அகலம். அதையும் நான் அப்பிடியே உட்டுடல. தோணிக்கு அடைக்கிற மாதிரி தையல் பூரா பஞ்சு வெச்சு, குங்கிலியத்தை எண்ணெயில காய்ச்சிப் பூசியிருந்தேன். கருவாட்டைப் போட்டு வாயைக் கட்டி, அதும்மேலயும் பூசினேன். மாட்டு வயித்தைச் சுத்திக் கயிறு இறுக்கி, அந்த முடிச்சையும் உடாம பூசிட்டேன். ஒரு சொட்டு உள்ள போவட்டும் பார்க்கலாம்!

பச்சைமுத்து பையைத் தட்டிப் பார்த்தான். தொம்முனு சத்தம் வந்துச்சு. மூஞ்சி மாறிடுச்சு.

"வேணாங்க்கா. கோணின்னா தண்ணி பூரும், அதுவே வடிஞ்சுடும். சரக்கு நனைஞ்சா காயவெச்சுக்கலாம். மாட்டுக்குக் கால் தரையில இருக்கணும்."

"தோ பாருடா! தண்ணியைப் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டாரு. வரப்புத் தண்ணியில கால் நனைச்சுட்டு ஏரியைப் பேசறியா நீ? எங்க நைனா தோணியில பொறந்தவ நான். நனைஞ்ச கருவாட்டை உன் பொண்டாட்டி வாங்குவாளா? புடி கயித்தை!"

பொம்பளைங்க நாலு பேரு சிரிச்சாங்க. அவன் தலையைக் குனிஞ்சுக்கினு கயித்தைப் புடிச்சான். அந்தச் சிரிப்பு எனக்குச் சோக்கா இருந்துச்சு.

பாதி ஏரி வரைக்கும் மாடு ஜோரா நடந்துச்சு. நான் முன்னால, அவன் மாட்டுக்குப் பக்கத்துல. "பார்த்தியா? ஒரு சொட்டு போச்சா?"ன்னு வழி பூரா குத்திக்கினே வந்தேன். நடுவுல ஆழம் வரும், நாலு ஆள் கை விரிச்ச அகலம்தான். தண்ணி மாட்டு வயித்தைத் தொட்டுச்சு. பை ரெண்டும் மெதக்க ஆரம்பிச்சுது. பை எழும்ப எழும்ப மாடும் எழும்புச்சு. கால் தரையைத் தேடுது, கிடைக்கல. வத்துற தண்ணி கடல் பக்கமா இழுக்குது. ஒரு பை மேல தூக்கி, ஒரு பை அடியில மாட்டி, மாடு அப்பிடியே மல்லாந்துடுச்சு. நாலு காலும் மேல. மூக்கு தண்ணிக்குள்ள.

பச்சைமுத்து முடிச்சைப் புடிச்சு இழுக்கறான். அவுருமா? நான் கட்டின முடிச்சு, நான் பூசின குங்கிலியம். பல்லால கடிச்சான். நானும் நகம் பேந்து ரத்தம் வர்ற வரைக்கும் பிறாண்டினேன். "அடப்பாவி, கத்தி இல்லியா?"ன்னு அப்பவும் அவனைத்தான் திட்டினேன். கொஞ்ச நேரத்துல மாடு ஒதைக்கிறதை நிறுத்திடுச்சு.

முகத்துவாரத்துக்கிட்ட வலை போட்டுக்கினு இருந்த எங்க குப்பத்து நீலமேகம் ஆளுங்கதான் மாட்டை இழுத்துக் கரை சேர்த்தாங்க. கயித்தை அறுத்தாங்க. நீலமேகம் பையைப் பிரிச்சுக் கையை உட்டுப் பார்த்துட்டு, "அடேங்கப்பா, மொறுமொறுன்னு கீது"ன்னான். பச்சைமுத்து மாட்டுக் கண்ணை மூடிவிட்டுக்கினு இருந்தான். என்னை நாலு அறை அறைஞ்சிருந்தா தேவலை.

ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. மூணாம் நாள் கிளம்பி அனுப்பம்பட்டு போனேன். மழை பிசுபிசுன்னு பெய்யுது. சுத்துப்பட்டு வயல்ல எல்லாம் ஏர் ஓடுது. அவன் வயல்லயும் ஓடுச்சு. நுகத்தடியில ஒரு பக்கம் மிச்சமிருந்த மாடு. இன்னொரு பக்கம் அவன் பொண்டாட்டி பொன்னியம்மாள், தோள்ல பழந்துணியைச் சுருட்டி வெச்சுக்கினு, முழங்கால் சேத்துல. பின்னால பச்சைமுத்து மேழியைப் புடிச்சுக்கினு தரையைப் பார்த்தே வந்தான்.

வரப்புல நின்னேன். இந்தக் கோடி வந்ததும் பொன்னியம்மாள் மூச்சு வாங்க நின்னா. என்னை அடையாளம் கண்டுக்கினா. முகத்துல கோவம் இருக்கும்னு தேடினேன், இல்ல.

"கருவாடு நனையலயேக்கா?"ன்னு கேட்டா.

"இல்லம்மா"ன்னேன்.

"அதுவாவது ஆச்சே"ன்னு சொல்லிட்டு நுகத்தடியைத் தோள் மாத்திக்கினா.