நான்காவது ரீலும் ஐந்தாவது ரீலும்

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே ‘பட்டியல்’. தங்கைக்கு வந்த வரன்களைக்கூட ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திக் கொடுத்தவள். தங்கை அந்த வரிசையிலேயே இல்லாத ஒருவனைக் கட்டிக்கொண்டு சுகமாக இருப்பது வேறு விஷயம். அந்தப் பழக்கமே பிழைப்பாகி, இப்போது பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிறாள். அவள் ஒரு படத்துக்கு ஓர் இடம் கொடுத்துவிட்டால், எந்தக் கொம்பன் வந்தாலும் மாற்றமாட்டாள்.

அன்று மாலை ஒரு மூத்த இயக்குநருக்குப் பாராட்டு விழா. அவருடைய படங்களையெல்லாம் தரவரிசைப்படுத்தி, அவர் முன்னாலேயே மேடையில் வாசிக்க வேண்டியது அவள் பொறுப்பு. முதலிடம் பெறும் படத்தைக் கையோடு திரையிடுவார்கள்.

முதலிடத்தில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கல்லூரித் திரைப்படக் கழகத்தில் ஒரே ஒருமுறை பார்த்த படம். அதில் அம்மா செத்துப்போவாள், வீடே அழும். அடுத்த காட்சியில் அவள் சன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டு, மகனைத் திட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருப்பாள். யாரும் திகைக்கமாட்டார்கள். செத்தவர்கள் வீட்டை விட்டுப் போவதில்லை என்பதை ஒரு மனிதரால் இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியுமா என்று அவளுக்கு அன்று மூச்சே நின்றுவிட்டது. அந்தப் பிரமிப்பில்தான் கணக்குப் படிப்பை விட்டாள். அப்பா வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் அந்தப் படத்தின் பிரதி எங்கும் கிடைக்கவில்லை. இப்போதுதான் ஏதோ ஒரு கிடங்கிலிருந்து ஆறு ரீலும் வந்து சேர்ந்திருந்தன. காலையில் ஆபரேட்டர் ஓட்டிப் பார்க்கும்போது, காலித் தியேட்டரின் நடுவரிசையில் ஆசையாகப் போய் உட்கார்ந்தாள்.

நான்காவது ரீலில் அம்மா துணி மடித்தாள், திட்டினாள், சிரித்தாள். ஐந்தாவது ரீலில் செத்துப்போனாள். ஆறாவதில் மகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினான். அவ்வளவுதான். நல்ல படம், நடுவில் எங்காவது வைக்கலாம். அன்றைக்குக் கழகத்தில் எவனோ இரண்டு ரீலை மாற்றி மாட்டியிருக்கிறான். இத்தனை காலம் அவள் தலையில் வைத்துக் கொண்டாடியது யாருமே எடுக்காத ஒரு படத்தை. எந்த முகத்தோடு மேடை ஏறுவது? மடியிலிருந்த பட்டியலில் முதல் வரியை அடிக்கப் பேனாவைத் திறந்தாள்.

“பிரிண்ட்டு எப்படிம்மா இருக்கு?”

பின்வரிசையில் இயக்குநர். எப்போது வந்தாரோ தெரியவில்லை. அந்த அம்மாவாக நடித்தது அவருடைய மனைவிதான். போன வருஷம் அந்த அம்மாள் காலமானதிலிருந்து அவர் கேமரா பக்கமே போகவில்லை என்பது ஊரறிந்த செய்தி.

மழுப்பிவிடலாம். ஆனால் இவரிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“சார், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

ஒன்று விடாமல் சொன்னாள்.

“செத்தப்புறம் வந்து சிரிச்சாளா?”

“ஆமா சார்.”

“யாரும் ஒண்ணும் கேக்கலையா?”

“இல்ல சார். பையன் திட்டு வாங்கிட்டு சும்மா உக்காந்திருக்கான்.”

அவர் வெள்ளையாகக் கிடந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு இது தோணவே இல்லையேம்மா,” என்றார்.

“நான் பட்டியலை மாத்திடறேன் சார்.”

“பொறும்மா.” ஆபரேட்டர் அறைப் பக்கம் திரும்பினார். “தம்பி, அஞ்சாவது ரீலை முதல்ல போடுங்க. அப்புறம் நாலாவது.”

“கதை குழம்பிடும் சார்,” என்றார் ஆபரேட்டர்.

“குழம்பட்டும்.”

விளக்கு அணைந்தது. அம்மா செத்துப்போனாள். வீடே அழுதது. இயக்குநர் முன்சீட்டைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். ரீல் மாறியது. சன்னல் வெளிச்சத்தில் அவள் ஒரு சட்டையை உதறி மடித்துவிட்டு, நேராக இந்தப் பக்கம் பார்த்தாள். விமர்சகிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

“இன்னும் எவ்வளவு நேரம் அங்கயே உக்காந்திருப்ப? எழுந்து போய் வேலையப் பாரு,” என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

“இதோ எழுந்துட்டேன்,” என்று இருட்டில் இயக்குநர் எழுந்து நின்றார்.

அவள் பேனாவை மூடிவைத்தாள்.