அரசன் தைலம்

தெருநாய் என் பெண்டாட்டியின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. ஊசி போட வேண்டுமா, வேண்டாமா என்று போனில் தேடினேன். முதலில் வந்த பக்கத்தில் ஒரு முத்திரை, வெள்ளைக் கோட்டு டாக்டர், கொட்டை எழுத்து. நரை விழுந்த பிறகு படிக்கக் கற்றவன் நான். சொல்லின் தலை தெரிந்தால் வாலை நானே ஒட்டிக்கொள்வேன்.

"அரசு சொல்லுது, இந்தா. ஊசி வேண்டாமாம். தைலம் தடவினா விஷம் இறங்கிடுமாம்."

அவள் காலைப் பிடித்தபடி கேட்டாள்: "அரசாங்கம் எப்பலேர்ந்துங்க தைலம் விக்குது? எழுத்துக் கூட்டிப் படிங்க."

கூட்டினேன். அ, ர, ச, ன். அரசன் தைலம். கீழே 'இன்றே வாங்குங்கள்' என்று ஒரு பொத்தான் துடித்தது. கடிபட்டவளிடம் கடை விரிக்கிற பிறவிகள்! நான் மூட்டை தூக்கும் கிடங்கில் அழுகிய எலியை எடுத்தெறிந்திருக்கிறேன், அப்போதுகூட இப்படிக் குமட்டியதில்லை.

வீட்டிலிருந்த பழைய அரசு ஆஸ்பத்திரிச் சீட்டில் அச்சடித்திருந்த இணைய முகவரியைப் பார்த்துப் பார்த்துப் போனில் அடித்தேன். சுகாதாரத் துறையின் பக்கம் வந்தது. படமில்லை, பளபளப்பில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள், எதையும் தடவாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றிருந்தது. வாலை ஒட்டாமல் இரண்டு தடவை படித்தேன்.

குழாயடியில் அவள் காலைக் கழுவினேன்.

"போதுங்க, தோலே உரிஞ்சிடும்."

"கால் மணி ஆகட்டும்."

ஆட்டோ வந்தது. அந்தப் பொத்தானை அமுக்க இருந்த விரலையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஏறினேன்.