இரண்டாவது வார்த்தை

“எழுந்திரு கண்ணு, வீட்டுக்குப் போகலாம்,” என்று சொல்லிப் புத்தகப் பையைத் தூக்கினாள் அம்மா. மகள் அதை அவள் கையிலிருந்து வாங்கி, பழையபடி நாற்காலியின் முதுகில் மாட்டினாள். பட்டை இரண்டும் ஒரே நீளத்தில் தொங்குகின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

“அப்பா வருவாங்க. போயிட்டு வரேன்னு சொன்னாங்க,” என்றாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளைச் சீருடையை மாற்றக்கூடத் தோன்றாமல் அப்படியே வந்திருந்தாள். காலையில் மகளை இந்தப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தன் தையல் கடைக்குப் போன கணவர், மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கேதான். அவள் மாடி வார்டில் யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஆள் வந்து கூப்பிட்டுக் கீழே இறங்கியபோது, அவளிடம் வேலை பழகிய சின்ன நர்ஸ் கதவருகே நின்று, “எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம் அக்கா,” என்றாள்.

அது அம்மாவின் வாக்கியம். எத்தனையோ குடும்பங்களிடம் அவள் சொன்னது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். குரலை எங்கே தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். கேட்கிறவர்கள் காதில் அது எப்படி விழும் என்றுதான் தெரியாமல் இருந்தது. ஒன்றுமே விழவில்லை. சின்ன நர்ஸின் பெயர் அட்டை கோணலாகக் குத்தியிருந்ததைச் சரிசெய்துவிட்டு, “அப்படியா,” என்று கேட்டாள்.

இப்போதும் அப்படித்தான் இருந்தது. கை வேலை செய்தது, கால் நடந்தது. தலைக்குள் மட்டும் யாரும் இல்லை.

மகளுக்குப் பதினோரு வயது. வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வைத்தவர் அப்பா. வாசலில் செருப்புகள் சுவரைப் பார்த்து ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும். கிளம்புகிறவர் தன் ஜோடியை மறக்காமல் மாட்டிக்கொண்டு போக வேண்டும். எல்லாரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவாள், தெருப் பூனை உட்பட. அப்பா விளையாட்டாக அவளிடம் அப்படிப் பேசப்போய், மரியாதை அவளிடம் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. சொன்னால் சொன்னதுதான். ‘ஒரு நிமிஷத்துல வரேன்’ என்று சொல்லிவிட்டு அவளிடம் யாரும் ஐந்து நிமிஷம் கழித்து வர முடியாது.

ஒரு தடவை ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், வேலை முடிந்ததும், “வரேன் பாப்பா,” என்று கிளம்பினார். ஊரில் எல்லாரும் சொல்வதுதானே. அவள் வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். தெரு விளக்கு எரிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றாள். அழ ஆரம்பித்து, அழுகை அலறலாகி, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள். கடைசியில் அப்பா போய் அந்த மனிதரை வீட்டிலிருந்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து, கண்ணில் காட்டிவிட்டு அனுப்பினார்.

மறுநாளே அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போனார். இவளைப் போன்ற பிள்ளைகளுக்காக அங்கே தனியாக ஓர் அறையும், அதற்கென்றே படித்த ஒரு டீச்சரும் உண்டு. இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு சட்டம் போட்டார்கள். திரும்பி வருகிறவர் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்ல வேண்டும். வராதவர் ‘போறேன்’ என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் இதே இரண்டு வார்த்தைதான், வேறு பேச்சுக்கே இடமில்லை.

அப்பாவின் அக்காவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. “வாசல்ல நின்னு போறேன்னு சொல்றதா? நல்ல வார்த்தையாடா அது?” என்று தம்பியைக் கடிந்துகொண்டாள்.

“நமக்கு அது வெறும் வார்த்தை அக்கா. அவளுக்கு அது ரசீது,” என்றார் அவர். “கையில வாங்கிட்டாள்னா நிம்மதியா இருப்பா.”

அப்படித்தான் இருந்தாள். யார் கிளம்பினாலும் வாசலில் நின்று “எது?” என்பாள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் சல்யூட் அடித்து, “போறேன் இன்ஸ்பெக்டர்,” என்பார். அவள் தலையை ஆட்டி வழி விடுவாள். வாசலில் அழுகை நின்றுபோனது. வீட்டில் சட்டம் போடுகிறவர் அப்பா, மீறி மாட்டிக்கொள்கிறவள் அம்மா. டூட்டிக்கு நேரமாகி வாய்க்குள் முனகிக்கொண்டே ஓடுகிறவளை, தெருமுனை வரை வந்து பிடித்து, முழுசாகச் சொல்ல வைத்திருக்கிறாள் மகள்.

இப்போது அந்த டீச்சர்தான் அம்மாவை வராந்தாவுக்குக் கூட்டி வந்தாள். டீச்சரின் கண்கள் சிவந்திருந்தன.

“இங்கேயே சொல்லிடுங்க. நான் கூட இருக்கேன். தூங்குறாரு, வெளியூர் போயிருக்காரு, இதெல்லாம் வேண்டாம். தூங்குறாருன்னு சொன்னா எழுப்பப் பார்ப்பா. செத்துட்டாருன்னே சொல்லுங்க. உடம்பு நின்னுபோச்சு, இனிமே வரமாட்டாருன்னு சொல்லுங்க. நம்ம காதுக்கு ரொம்பக் கொடூரமா இருக்கும். அவளுக்கு அதுதான் புரியும்.”

“சரி,” என்றாள் அம்மா. “சொல்றேன்.”

உள்ளே போய் மகளின் எதிரில் உட்கார்ந்தாள். சுவரில் அன்றைய நாளின் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. கணக்கு, சாப்பாடு, விளையாட்டு. கடைசியில் அப்பாவின் போட்டோ. கழுத்தில் அளவு டேப்போடு, பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தாள். வேறென்னவோ வந்தது.

“அப்பாவுக்குக் கடையில வேலை இருக்கு. என்னை அனுப்பினாங்க.”

மகள் யோசித்தாள். பிறகு எழுந்து பையை மாட்டிக்கொண்டு, போட்டோவை ஒரு தடவை தொட்டாள். “வேலை முடிஞ்சு வருவாங்க,” என்றாள். டீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள் கிடந்தன. தெருவே வந்திருந்தது. இன்ஸ்பெக்டருக்கு அது தாங்குமா? பையைக் கழற்றிவிட்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஜோடியாகத் தேடிப் பிடித்து, சுவரைப் பார்த்து அடுக்கினாள். யாரும் தடுக்கவில்லை. அம்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த வரிசை முடியாமல் நீண்டுகொண்டே போகட்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது.

குவியலின் அடியில் அப்பாவின் செருப்பு இருந்தது. ஆஸ்பத்திரியில் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்ததை யாரோ எடுத்து வாசலில் வைத்திருந்தார்கள்.

“அப்பா வந்துட்டாங்க,” என்றாள் மகள். “வேலை முடிஞ்சிருச்சு.”

எழுந்து உள்ளே ஓடினாள்.

முன்னறையில் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை அவளைப் பார்த்ததும் இழுத்து அணைத்துக்கொண்டாள். “அப்பா தூங்குறாரும்மா. தொந்தரவு பண்ணாதே.”

“பகல்ல தூங்க மாட்டாங்க,” என்று கையை விலக்கிக்கொண்டு, கால்மாட்டுக்குப் போனாள் அவள். காலையில் அவளை எழுப்ப அப்பா ஒரு வழி வைத்திருந்தார். உள்ளங்காலில் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்ப்பார். அவள் அதையே செய்தாள். “எழுந்திரிங்க. நேரமாச்சு. எழுந்திரிங்க.” கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டுக் கையை எடுத்து, விரலைப் பார்த்தாள்.

“ஜில்லுன்னு இருக்கு,” என்றாள். அலமாரியைத் திறந்து ஒரு போர்வையை எடுத்து வந்து, கால்களை மூடி, ஓரங்களை உள்ளே மடித்துச் செருகினாள்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அம்மாவின் மனசு அடித்துக்கொண்டது. எத்தனையோ பேருக்குச் செய்தி சொன்னவள், தன் பிள்ளை செருகிய போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களில் சிலர் கிளம்பினார்கள். இன்ஸ்பெக்டர் வாசலுக்குப் போய்விட்டாள். அது அவள் டூட்டி. ஒவ்வொருவரிடமும் “எது?” என்று கேட்டாள். சாவு வீட்டில் நின்று ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை, ‘போறேன்’ என்று சொல்லவும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அவள் தலையைத் தடவிவிட்டு நழுவினார்கள். அவளுடைய மூச்சு வேகமாகிக்கொண்டு வந்தது. விரல்களை ஒன்றோடொன்று முறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இருட்டுவதற்குள் எடுத்துவிடலாம் என்று பேச்சு. வண்டி வந்தது. நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் பிடித்திருந்தவர் பக்கத்துக் கடைக்காரர். அவர்கள் வாசலை நெருங்கியபோது, அவள் வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கையை நீட்டிக் குறுக்கே நின்றாள்.

“எது?”

“வழி விடும்மா,” என்றார் கடைக்காரர்.

“அப்பா சொல்லல. சொல்லாம யாரும் போகக் கூடாது.”

“யாராவது அவளை உள்ளே கூட்டிட்டுப் போங்களேன்,” என்று அத்தை கதறினாள். யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள். அவள் தொண்டையிலிருந்து அந்தப் பழைய அலறல் கிளம்பியது. எலக்ட்ரீஷியன் வந்துபோன நாளில் கேட்ட அதே அலறல்.

“கையை எடுங்க அவ மேலேருந்து,” என்றாள் அம்மா. நடந்து போய் மகளுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

“இன்ஸ்பெக்டர்.”

அம்மா அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மகள் அலறலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“ஸ்கூல்ல நான் சொன்னது பொய். அப்பாவுக்குக் கடையில வேலை இல்ல. அத்தை சொன்னதும் தப்பு. அப்பா தூங்கல. அப்பா செத்துட்டாங்க. உடம்பு நின்னுபோச்சு. மூச்சு வராது, பேச்சு வராது. இனிமே அப்பா வரவே மாட்டாங்க.”

டீச்சர் சொல்லிக் கொடுத்தபோதுகூட அந்த வார்த்தை அம்மாவின் காதில் விழவில்லை. அவளுக்கும் அது முதன்முதலாகத் தன் குரலில்தான் கேட்டது. முட்டிக்குக் கீழே தரை இருக்கிறதா என்று ஒரு கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டாள்.

“அப்ப ரெண்டாவது வார்த்தை,” என்றாள் மகள்.

“ஆமா.”

“காலையில கேட்ல முதல் வார்த்தை சொன்னாங்க.”

“ஆமா. அப்ப அப்பாவுக்கே தெரியாது.”

மகள் யோசித்தாள். தூக்கியிருந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். யார் எப்படிப் பேசினாலும் அச்சு அசலாகத் திருப்பிச் சொல்வது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இப்போது அப்பாவின் முகத்துக்கு அருகில் வந்தாள். அவரைப் போலவே ஒரு தடவை செருமிக்கொண்டு, அவருடைய குரலிலேயே சொன்னாள்:

“போறேன் இன்ஸ்பெக்டர்.”

கடைக்காரரின் பிடி ஒரு கணம் தளர்ந்து, மறுபடி இறுகியது. அவள் தலையை ஆட்டிவிட்டுக் கையை இறக்கினாள். அப்பா வாசலைத் தாண்டிப் போனார்.

பின்னாலேயே கிளம்பிய அம்மாவுக்கு முன்னால் மறுபடியும் அந்தக் கை நீண்டது.

“நீங்க எது?”

“போயிட்டு...” என்று ஆரம்பித்து, அம்மா நிறுத்திக்கொண்டாள்.

“அப்பாவும் அதான் சொன்னாங்க,” என்றாள் மகள். குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள்.

அம்மா மகளின் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப நீயும் வா. சேர்ந்து போயிட்டு சேர்ந்து வரலாம்.”

அது சட்டத்துக்குள் வருகிறதா என்று மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் செருப்பை மாட்டிக்கொண்டாள். அம்மாவின் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தாள். படியில் இறங்கப்போனவள் நின்று, வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா செருப்பை மறந்துட்டாங்க.”

அந்த ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். அப்பாவின் காலருகே தரையில் வைத்தாள். வண்டி கிளம்பிய குலுக்கலில் ஒன்று விலகிப் போயிற்று. அவள் குனிந்து அதை இழுத்து, மற்றதோடு சேர்த்து வைத்து, கையால் பிடித்துக்கொண்டாள்.