விமானி இல்லாத கப்பல்

என் தம்பி அன்று வேலை முடிந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் என் அறைக்குள் வந்து நின்று அலமாரியை நோட்டம் விட்டான். விண்வெளிப் படங்களில் வந்த கப்பல்கள், ஊர்திகள், விரல் நீளத்தில் மனிதர்கள், மனிதர் அல்லாதவர்கள். முதல் சம்பளத்திலிருந்து நான் சேர்த்த பொம்மைகள். இந்த வீட்டில் அவற்றுக்கு 'அந்தச் சாமான்' என்று பெயர். தெருவில் எனக்குப் பொம்மைக்கா என்று பெயர்.

"இதுல எது அக்கா ரொம்ப அபூர்வம்?" என்றான்.

நாற்பத்தாறு வயதில் ஒருத்திக்கு இதற்கெல்லாம் வெட்கம் வரலாமா? வந்தது.

கீழ்த்தட்டிலிருந்து சரக்குக் கப்பலை எடுத்துக் காட்டினேன். படம் ஓடவில்லை, அதனால் இதையும் கொஞ்சமாகத்தான் செய்தார்கள் என்றேன். வெள்ளை பிளாஸ்டிக் வெயில் பட்டால் பழுத்துவிடும், இது எப்படி இருக்கிறது பார் என்றேன். பல் கட்டும் லேபில் செயற்கைப் பல்லுக்கு நிறம் பொருத்துவது என் வேலை. வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை என்று எனக்குத் தெரியும். முதலில் வந்த கப்பல்களில் மட்டும் ஏணியைத் தலைகீழாக ஒட்டிவிட்டார்கள், பிறகு திருத்திக்கொண்டார்கள். இது திருத்துவதற்கு முந்தையது. "மேல சொல்லுக்கா," என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். காபி ஆறியது. தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அக்கா பாடம் எடுக்குறாங்க, இவர் கைகட்டி உக்காந்திருக்கார். இன்னைக்கு மழைதான்."

மூவரும் சிரித்தோம். சாப்பிடும்போதும் நான் பேசிக்கொண்டிருந்தேன். படுத்த பிறகும், நாளைக்கு இதைச் சொல்ல வேண்டும், அதைக் காட்ட வேண்டும் என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் கப்பல் இருந்த இடம் காலியாக இருந்தது.

"எங்க சாருக்குக் குடுத்துட்டேன்க்கா," என்றான் தம்பி, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரும் உன்னை மாதிரிதான், வீடு முழுக்க இதான் வச்சிருக்கார். கிளை மேனேஜர் போஸ்ட் அவர் கையிலதான் இருக்கு."

"என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். திருடினவன்கூட இவ்வளவு நியாயமாகப் பேசமாட்டான்.

"அப்புறம் இன்னொண்ணு." இப்போதுதான் நிமிர்ந்தான். "ஞாயித்துக்கிழமை சார் வர்றார். மிச்சத்தையும் பாக்கணுமாம். எல்லாம் நான் சேர்த்ததுன்னு சொல்லியிருக்கேன். அந்த ஏணி விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் அசந்துட்டார். நீ ஒண்ணும் பேச வேணாம். ஏதாவது கேட்டா, எனக்கு இதெல்லாம் தெரியாது, தம்பியைக் கேளுங்கன்னு சொல்லிடு. அவ்ளோதான்."

அப்போதுதான் அந்த மாலை எனக்கு முழுதாக விளங்கியது. எனக்குக் காது கொடுக்கிறான் என்று நான் உருகிக்கொண்டிருந்தபோது, கடையில் நின்று சாமான் பார்ப்பவனைப்போல அவன் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறான். கப்பல் போனது ஒரு வலி. நான் சொன்ன சொற்களும் அதோடு போயிருந்தன.

ஒன்றை மட்டும் அவன் விட்டுவிட்டான். அந்தக் கப்பலுக்கு ஒரு விமானி உண்டு. பெண். படத்தில் அவளுக்கு ஒரே ஒரு வசனம்தான். பெண் பொம்மை விலைபோகாது என்று அவளை இன்னும் குறைவாகச் செய்தார்கள். அவளுடைய முழங்கால் தளர்ந்து, நிறுத்தினால் மடங்கி விழுந்துகொண்டிருந்தாள். மூட்டுக்குள் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, மறுபடி தடவினால் பிடிப்பு வரும். அந்த வேலைக்காக அவளை லேபுக்கு எடுத்துப் போயிருந்தேன். கப்பல் கைமாறிய நாளில் அவள் லேபில் என் மேசை இழுப்பறையில் பற்களுக்கு நடுவே படுத்திருந்தாள்.

ஞாயிறு காலை என் கட்டில் கூடத்துக்குப் போனது. என் புடவைகள் தம்பி மனைவியின் பீரோவுக்குப் போயின. என் அறையில் தம்பியின் நாற்காலியும் கண்ணாடியும் வந்து உட்கார்ந்தன. லேபிலிருந்து கொண்டுவந்திருந்த விமானியைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மேலதிகாரியை ஆஜானுபாகுவாக நினைத்திருந்தேன். வந்தவர் குள்ளமாக, அதிர்ந்து பேசாத மனிதராக இருந்தார். அறைக்குள் நுழைந்ததும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். காபித் தட்டோடு வாசற்படியில் நின்ற எனக்கு அதுவே போதுமாக இருந்தது. தொடாமல் பார்க்கத் தெரிந்த ஒருவரை அதுவரை நான் நேரில் கண்டதில்லை.

மேல்தட்டில் நின்ற ஒரு படைவீரன் முன் குனிந்தார். "தொடலாமா?" என்று கேட்டு எடுத்தார். கையை மடக்கினார், நீட்டினார். "மூட்டைச் சரிபண்ணியிருக்கு. பண்ணினதே தெரியல. யாரோட கைவேலை?"

"நான்தான் சார்," என்றான் தம்பி.

"என்ன போட்டீங்க?"

"பசை சார்."

"பசை போட்டா அசையாதே?"

"கொஞ்சமாத்தான் போட்டேன் சார்."

அவர் வீரனை அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்தார். "அந்தக் கப்பலோட விமானி எங்க? அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன்."

தம்பியின் பார்வை அலமாரியில் அலைந்து என்னிடம் வந்து நின்றது. "அக்கா, தூசி தட்டும்போது எங்கயாவது எடுத்து வச்சியா?"

அவரும் திரும்பினார். "உங்களுக்கும் இதுல ஈடுபாடு உண்டாம்மா?"

நகப்பூச்சு சார் என்று சொன்னால் போதும். மிச்சமெல்லாம் அவருக்கே விளங்கிவிடும். அவரோடு பேச என்னிடம் எவ்வளவோ இருந்தது. தம்பியின் நெற்றியில் வியர்வை பொடித்திருப்பதைப் பார்த்தேன். அவன்மேல் இரங்கி நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. அவன் சொன்னபடியே நடந்து, அவன் திணறுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது சார். தம்பியைக் கேளுங்க."

தம்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். அவர் அலமாரியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு அவன் தோளில் கை வைத்தார்.

"இது நீங்க சேர்த்தது இல்ல, இல்லையா? பரவாயில்ல, சொல்லுங்க. அப்பாவோடதா?"

தம்பி தலையைக் குனிந்தான். "ஆமா சார். அப்பாவோடது."

"இப்ப இல்லையா?"

"தவறிட்டார் சார்."

"சொல்லத் தயங்கியிருக்கீங்க. புரியுது." அவருடைய குரல் தழைந்தது. "எப்பேர்ப்பட்ட மனுஷனா இருந்திருப்பார். அவர்கிட்ட உக்காந்து பேச எனக்குக் குடுத்து வைக்கல."

எங்கள் அப்பா கடைசிவரை இவற்றைக் குப்பையில் கொட்டச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

மேலதிகாரி எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினார். தம்பி கார்வரை கூடவே போனான். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "நல்லா சமாளிச்சக்கா," என்றான். "சார் கண்ணே கலங்கிடுச்சு. இனிமே யாராவது கேட்டா அப்பாவோடதுன்னே சொல்லிடுவோம்."

கட்டிலை உள்ளே கொண்டுவர இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு, கைக்குட்டையைப் பிரித்து விமானியைக் கப்பல் இருந்த இடத்தில் நிறுத்தினேன். முழங்கால் மடங்கவில்லை. அந்த வெற்றுத் தட்டில் அவள் விழாமல் நின்றாள்.