பொங்காத வெண்காரம்

பொலிஸ் காம்புக்காரர் பிடிக்கிற வெள்ளைத் தூள் எல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். கொழும்புக்கு அனுப்பினால் பதில் வர மாதக்கணக்காகும். கல்முனையில் ஒரு பாடசாலை ஆய்வுகூடமும் இரசாயனவியல் படிப்பிக்கிற நஸீறா டீச்சரும் சும்மாதானே கிடக்கிறோம்! கோதுமை மாவு, அப்பச்சோடா, பல்லுத்தூள், எல்லாம் காய்ச்சிப் பார்த்தாயிற்று. அலுத்துவிட்டது.

இந்த முறை என்னிடம் படித்த கான்ஸ்டபிள் ஜவுபர் ஒரு ஜாம் போத்தலோடு வந்தான். பாண்டிருப்பில் நகை செய்கிற கனகரெத்தினத்தின் பட்டறையில் எடுத்ததாம். நகை பற்றவைக்கிற வெண்காரம் என்று அவர் சொல்கிறார். குண்டுக்குப் போடுகிற வெடியுப்பு என்று காம்பில் சொல்கிறார்கள். வெண்காரம் என்றால், பிடித்து வைத்திருக்கிற அவரை விடுவார்கள். மற்றது என்றால் அல்லாஹ்தான் காப்பாற்ற வேண்டும். அவருடைய மனைவி செல்லத்தங்கம் காலையிலிருந்து பாடசாலைக் கேற்றடியில் நிற்கிறாள்.

"வெண்காரம் சூடேறினா தண்ணிய விட்டுட்டுப் பால்போலப் பொங்கும் மனே, பாரு" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? தூளைக் குழாயில் போட்டு விளக்கில் பிடித்தேன். பொங்கவில்லை. குழாயின் சுவரில் ஒரு துளி நீர்கூடப் படியவில்லை.

ஜவுபர் பேனாவை எடுத்தான். "அப்ப வெண்காரம் இல்லயா டீச்சர்?"

"பேனாவ வை" என்று எரிந்து விழுந்துவிட்டு, வெயிலில் கேற்றடிக்கு நடந்தேன்.

"தங்கம், இந்தத் தூள என்ன செஞ்சீங்க?"

"நான்தான் டீச்சர் சட்டியில போட்டுப் பொரிச்சு இடிச்சு வெச்ச. பச்சையாப் போட்டா பொங்கி, நகை ஒட்டுற ஒட்டுப்பொடியத் தள்ளிப்போடும் எண்டு இவர் பொரிச்சதுதான் கேப்பார்." அவள் முகம் வெளிறியது. "நான் பொரிச்சதால பிழையாப் போச்சா?"

தண்ணீரெல்லாம் அவள் சட்டியிலேயே போய்விட்டது. பிறகு எங்கே பொங்கும்?

"இல்ல. இனி அது உருகாம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வெடியுப்பு 334 பாகையில் உருகும். பொரித்த வெண்காரம் அந்தச் சூட்டுக்கு அசையாது. ஆனால் அவ்வளவு காட்டுகிற வெப்பமானி பாடசாலையில் ஒன்றே ஒன்று, அதுவும் 360 வரைதான். தாண்டினால் வெடித்துவிடும். அதிபர் என்னைக் கொன்றுபோடுவார். கொல்லட்டும்.

மணல் நிரப்பிய தகரத்தில் குழாயையும் வெப்பமானியையும் புதைத்து, மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தேன். இரசம் ஏற ஏற எனக்கு முதுகு வியர்த்தது. 320. 334. ஜவுபரும் குனிந்து பார்த்தான். 350 வந்தும் தூள் தூளாகவே கிடந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இது வெடியுப்பு இல்ல. எழுது, நான் கையொப்பம் வெக்கிறன். அந்த மனிசன இண்டைக்கே விடச் சொல்லு."

ஜவுபர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"அவர நேத்தே கொழும்புக்கு ஏத்திட்டாங்க டீச்சர். இது ஃபைலுக்குத்தான்."

"அத ஏன்டா முதல்லயே சொல்லல்ல?"

"சொன்னா நீங்க சோதிக்க மாட்டீங்க."

கையொப்பம் வைத்தேன். வேறென்ன செய்ய? கேற்றடிக்குப் போகிற அந்தக் கொஞ்சத் தூரத்தை மெல்ல மெல்ல நடந்து கடந்தேன். செல்லத்தங்கம் காம்புக்குக் கொண்டுபோகக் கட்டிய சோற்றுப் பார்சலோடு நின்றாள்.

"உருகினதா டீச்சர்?"

"இல்ல தங்கம். உருகல்ல."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பார்சலைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"அப்ப இதக் காம்புக்குக் கொண்டு போகத் தேவல்ல. இவர் வீட்ட வந்தே சாப்பிடட்டும்."