அலைக்கு முறை வைத்த மாகாணம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. பக்கத்து வீட்டுக் கிருபா கேட்டதால் எழுத உட்கார்ந்தேன். கிணத்துக்கடவில் மோட்டார் பம்பு பழுது பார்ப்பவர் அவர். கடல் தாண்டி, வெயில் நாடொன்றின் கரையோர மாகாணத்தில் இரண்டு வருட வேலை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவர் ஜெரோம் வரமாட்டேன் என்கிறார். அவரில்லாமல் கிருபா போவதாயில்லை.

"அந்த ஊரப் பத்தி மூணு பக்கம் எழுதிக் குடுங்கண்ணா. பூகோளம், சரித்திரம், அரசாங்கம், எல்லாம். நாஞ் சொன்னா அவரு கேக்க மாட்டாருங்க. பேப்பர்ல இருந்தா நம்புவாரு."

(என்னிடம் இருந்தவை வேலைக் கடிதமும் ஒரு வரைபடமும். மாகாணத்துக்கு உமாரி என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.)

2. பூகோளம்

'உமாரியின் கிழக்கே நீலக்கடல் ஆர்ப்பரித்து'

வேண்டாம். ஜெரோமுக்குக் கடல் ஆர்ப்பரிக்கவே கூடாது. வேளாங்கண்ணியில் அவருடைய செருப்பில் ஒன்றை அலை கொண்டுபோய்விட்டது. "ஜோடியா எடுத்திருந்தாக்கூட மரியாதைங்கண்ணா. ஒத்தச் செருப்ப வெச்சுட்டு அது என்ன பண்ணும்?" ஆறு வருடமாக அதே கேள்வி.

'உமாரியின் கிழக்கே கடல் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கிறது.'

பரவாயில்லை. தென்னை உண்டு என்று சேர்த்தேன். கடல் ஏறும்போது நிலம் அதைவிடத் தாழ்வு. கரை போட்டு, மடை வைத்து, உள்ளே நெல் போடுகிறார்கள். மழைத்தண்ணீரை வெளியே தள்ளும் பம்புகளைப் பார்த்துக்கொள்ளத்தான் கிருபா.

3. சரித்திரம்

'முதலில் வந்தவர்கள் உப்பு விற்றார்கள். பிறகு வந்தவர்கள் உப்புக்கு வரி போட்டார்கள்.'

அதன்பின் ஒரு மணி நேரம் பேனா நகரவில்லை. [சரிபார்க்க வேண்டும். பார்க்கவில்லை.]

4. அரசாங்கம்

'மாகாண அரசு மடைகளை முறை வைத்துத் திறக்கிறது. ஒரு வாரம் வடகரை, மறு வாரம் தென்கரை. பட்டியல் அலுவலகச் சுவரில் ஒட்டப்படும்.'

இதை மட்டும் தயக்கமில்லாமல் எழுதினேன். அரசாங்கம் என்றால் வேறென்ன செய்யும்?

வெள்ளி மதியம் ஜெரோம் வந்து படித்தார். நம் வாய்க்காலில் மடை திறந்து மூடுகிற தற்காலிக வேலை அவருக்கு. இரண்டு பக்கத்தைப் புரட்டினார். மூன்றாவதில் சிரித்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, அலைக்குப் போயி முறை வெச்சிருக்கறீங்க! தென்கரை வாரம் வரட்டும்னு கடல் காத்துட்டு நிக்குமாக்கும்?"

"நம்ம வாய்க்கால்ல..."

"நம்ம வாய்க்கால் வேறங்க. அங்க கடல் ஏறறப்ப மூடோணும், எறங்கறப்ப தொறக்கோணும். தெனம் ரெண்டு வாட்டி. ஒரு வாரம் தொறந்து போட்டா உப்புத்தண்ணி வயலுக்குள்ள வந்துருமுங்க. அப்பறம் நெல்லு வெளைஞ்ச மாதிரித்தான்!"

என் பேனாவைப் பிடுங்கி அந்த மூன்று வரியையும் அடித்தார். ஓரத்தில் மடை வரைய ஆரம்பித்தார். பலகை, சங்கிலி, ஆள் நிற்கக் கல்.

"இதுக்கு நேரந்தவறாத ஆளு வேணுமுங்க. தூங்குமூஞ்சிய வெச்சா ஊரே போச்சு." நிமிர்ந்தார். "அந்த மடைக்கு ஆளிருக்குதுங்களா?"

5

முடிவு அ: 'காலி இடம் உண்டு.' பொய்யாக இருக்கலாம்.

முடிவு ஆ: 'ஆள் இருக்கிறார்.' இதுவும் பொய்யாக இருக்கலாம். கிருபாவும் இங்கேயே...

முடிவு இ: "தெரியலைங்க ஜெரோம்." இதைத்தான் சொன்னேன்.

வாசலில் கிருபா கைப்பேசியோடு நின்றார். மணி நாலு நாற்பது.

"அந்த மடைக்கு ஆளு வேணுமான்னு கேட்டுப்போடட்டுங்களா?"

ஜெரோம் குனிந்து படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி, பாதியில் நிறுத்தினார். கல்லை இன்னும் கொஞ்சம் உயரமாக்கி வரைந்தார்.

"செருப்ப மட்டும் கரைமேலயே கழட்டிப் போடோணும்" என்றார், யாரிடமோ.

பேனாவை என்னிடம் நீட்டினார். என் வரிகளை அவர் அடித்தபோதே கதை என் கையைவிட்டுப் போயிருந்தது. அதனால் உங்களிடம் நீட்டுகிறேன். அவர் விட்ட வரி இதோ. ஐந்து மணிக்குள் நிரப்புங்கள்.

மடைக்காவல்: ................